நாற்பத்தோராம் இடத்துத் துண்டு

ஒரு காட்டில், மற்ற காடுகளில் இருப்பதுபோலவே, ஒரு சிங்கம் இருந்தது. அது இந்தக் கதையில் வராது. எப்போது கேட்டாலும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆகவே நாம் முள்ளம்பன்றி தணிகாசலத்தைப் பார்ப்போம். அவர் எந்த நேரத்திலும் கிடைப்பார், ஏனென்றால் அவருக்கு வேலை இல்லை.

வேலை இல்லை என்றால் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருஷமாக அவர் விடாமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். சுனைக் காவலர் தேர்வு எழுதினார். புல்வெளி அளவையாளர் தேர்வு எழுதினார். காய்ந்த சருகு கண்காணிப்பு உதவியாளர் (தற்காலிகம்) தேர்வும் எழுதினார். எல்லாவற்றிலும் தேறினார். தேறியவர்கள் பட்டியலில் அவருக்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள் என்பதுதான் ஒரே சிக்கல்.

கடைசியில் மிச்சமிருந்தது விளையாட்டு ஒதுக்கீடு. வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் காட்டின் ஏரிக்கரையில் டிரையத்லான் நடக்கும். முதலில் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். கரையேறி, ஈர உடம்போடு சைக்கிளில் மலையைச் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகும் உயிர் இருந்தால் ஆலமரம்வரை ஓட வேண்டும். முதலில் வருகிறவருக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் காட்டு அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைக்கும். அடுத்த வருஷப் போட்டி முடிந்த மறுமாதமே தணிகாசலத்துக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இந்த வருஷத்தை விட்டால் அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு போட்டி.

அவருக்கு நீச்சல் தெரியாது. சைக்கிள் ஓரளவு வரும், ஆனால் வாலைத் திருப்பும்போதெல்லாம் பின் டயரில் காற்று இறங்கிவிடும். ஓட்டத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது, பின்னால் யாராவது துரத்தினால்.

"ஏங்க, எடுத்த எடுப்புல போய்க் குதிச்சிடாதீங்க" என்றாள் அவர் மனைவி செங்கமலம். "இந்த வருஷம் சும்மா போய்ப் பாருங்க. எப்படி நீந்தறாங்க, எப்ப சைக்கிள் ஏறுறாங்க, நடுவுல என்னத்த திங்கறாங்க, எல்லாத்தையும் குறிச்சிக்கிட்டு வாங்க. அடுத்த வருஷம் தெம்பா கலந்துக்கலாம்."

பதினோரு வருஷமாகக் கிழங்கு தோண்டி அந்த வீட்டைத் தாங்கியவள் அவள்தான். அதனால் அவள் சொன்னால் தணிகாசலம் எதிர்த்துப் பேசுவதில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, இலையில் கட்டிய அவித்த கிழங்கு, இவற்றோடு சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்றையும் அவர் தோளில் போட்டு அனுப்பினாள். வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளத்தான் கொடுத்தாள், பாவம்.

விடிந்து சற்று நேரத்தில் தணிகாசலம் ஏரிக்கரையில் இருந்தார். அங்கே இரண்டு வரிசைகள் நின்றன. போட்டியாளர் வரிசையில் அறுபது பேர் இருந்தார்கள். பார்வையாளர் வரிசை ஏரியைச் சுற்றிக்கொண்டு போய், தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு மேஜைக்கு முன்னால் வந்தார். மேஜைக்குப் பின்னால் ஒரு பெருச்சாளி குமாஸ்தா உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் ஒரு ஃபாரத்தை நீட்டியது.

"இது போட்டியில கலந்துக்கறவங்க ஃபாரம் மாதிரி இருக்கே. நான் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் தணிகாசலம்.

"பார்க்கறதுக்குத் தனி ஃபாரம் இன்னும் அச்சாகி வரல. இதையே பூர்த்தி பண்ணுங்க."

"இதுல நீந்தற நேரம், சைக்கிள் நேரம், ஓடற நேரம்னு கட்டம் போட்டிருக்கு."

"கட்டம் காலியா இருந்தா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் நீந்தவே போறதில்லையே சார்."

"அப்ப எத்தனை நிமிஷம் நீந்துவீங்க?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

"அதை எழுதுங்க" என்றது பெருச்சாளி, பொறுமை இழந்து.

தணிகாசலம் நேர்மையானவர். அந்த நேரம்வரை நேர்மையானவர் என்று வைத்துக்கொள்வோம். நீந்தப் பூஜ்யம், சைக்கிளுக்குப் பூஜ்யம், ஓடப் பூஜ்யம் என்று மூன்று கட்டங்களிலும் எழுதினார். பிறகு மனசு கேட்காமல், ஃபாரத்தின் தலைப்பில் 'பார்வையாளர் மட்டும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பெருச்சாளி அவர் கையில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி உள்ளே அனுப்பியது.

உள்ளே போன தணிகாசலம் வந்த வேலையைத் தொடங்கினார். நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் எழுதினார்: "ஏரி. தண்ணீர் நிறைய. தவிர்க்க வழி உண்டா என்று விசாரிக்கவும்." அடுத்த வரியில், "போட்டிக்கு முன் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம். இதை இப்போதே ஆரம்பிக்கலாம்." மூன்றாவது வரியில் எழுத ஒன்றும் இல்லை. நீர்நாய்களும் செந்நாய்களும் கையைக் காலை உதறுவதைப் பார்த்தார். எழுதி வைத்துப் படிக்கிற விஷயம் இல்லை இது என்று புரிந்துவிட்டது. பதினோரு வருஷம் போச்சு, இதுவும் போச்சு என்று மனம் உடைந்து நின்றார்.

அப்போதுதான் சைக்கிள் மைதானம் அவர் கண்ணில் பட்டது.

நீந்திவிட்டு வருகிறவர்கள் சைக்கிளை எடுப்பதற்கும், சைக்கிளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடப் போவதற்கும் வேலி போட்ட மைதானம் அது. நீளமான இரும்புக் கம்பிகளில் வரிசையாக நம்பர் எழுதியிருந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சைக்கிள். சைக்கிளுக்குப் பக்கத்தில், தரையில், நான்காக மடித்த ஒரு துண்டு. கரையேறுகிறவர்கள் கால் துடைத்துக்கொண்டு ஷூ மாட்டுவதற்காக வைத்த துண்டுகள் அவை. துண்டின் மேல் ஷூவும் இருந்தது.

இங்கே இந்தக் காட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே பேருந்து வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே போய்விடும். அந்தத் துண்டுக்குரிய உடம்பு அடுத்த நிறுத்தத்தில் ஏறினாலும் சீட்டு அதற்குத்தான். கோடையில் சுனையோரம் குடிக்கிற இடமெல்லாம் துண்டாகக் கிடக்கும். ஒருமுறை புலி நாக்கு வறண்டு வந்து, நாற்பது துண்டுகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனது. மானைத் தின்னத் தயங்காத புலி, மான் போட்ட துண்டை மிதிக்காது. அதுதான் அந்தக் காட்டின் நாகரிகம்.

ஆகவே, ஐம்பத்தொன்பது துண்டுகளைக் கண்டதும் தணிகாசலத்துக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நீச்சல் அவருக்குப் புரியவில்லை, கியர் சைக்கிள் புரியவில்லை. இது புரிந்தது. 'இடம் போட்டு வச்சிருக்காங்க' என்று நினைத்தார். 'துண்டு மட்டும் பத்தாதுன்னு மேல ஷூவை வேற வச்சிருக்காங்க. கெட்டிக்காரங்கதான்.' நோட்டின் மூன்றாவது வரியில், "முதல் வேலை: துண்டு" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே போனார். வெளியே போகும் வாசலை ஒட்டி ஒரு நம்பர் காலியாக இருந்தது. நாற்பத்தொன்று. சைக்கிளும் இல்லை, துண்டும் இல்லை. வாசலுக்கு அவ்வளவு பக்கத்தில் இடம் கிடைத்தால் சைக்கிளை விட்டதும் ஓடிவிடலாம். அடுத்த வருஷம் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று வந்து சேர்வதற்குள் இப்படிப்பட்ட இடம் மிச்சம் இருக்குமா? தணிகாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நான்காக மடித்து, நாற்பத்தொன்றின் கீழே போட்டார். காற்றில் பறக்காமல் இருக்க மேலே கிழங்குப் பொட்டலத்தை வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காரியம் முழுசாக முடிந்த நிம்மதி அவருக்கு.

பத்து நிமிஷம் கழித்து, கடமான் பூங்காவனம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டயருக்குக் காற்றடிக்கும் வரிசையில் இத்தனை நேரம் நின்றிருந்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் விடியற்காலையில் அந்த ஏரியில் நீந்துகிறவள் அவள். அவளுக்கும் வேலை இல்லை. நாற்பத்தொன்று என்ற நம்பர் அவள் முதுகில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, இது என் இடம்" என்றாள்.

"துண்டு போட்டிருக்கேம்மா" என்றார் தணிகாசலம், மரியாதையாக.

"நீங்க போட்டியில இருக்கீங்களா?"

"இந்த வருஷம் இல்லம்மா. அடுத்த வருஷத்துக்கு."

பூங்காவனத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல வாசலை மூடிடுவாங்க. அதுக்குள்ள நான் வண்டியை இங்க நிறுத்தணும். தயவு பண்ணி எடுத்துக்குங்க."

தணிகாசலம் துண்டைப் பார்த்தார். எடுத்திருக்கலாம். குனிந்து ஒரு பொட்டலத்தையும் ஒரு துண்டையும் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை, நானும் வேறு ஜோலியைப் பார்த்திருப்பேன். ஆனால் போட்ட துண்டைத் தானே எடுத்தவர் என்று அந்தக் காட்டில் யாரும் இருந்ததில்லை. முதல் ஆளாக இருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "பெரியவங்களைக் கேட்டுக்கலாம்மா" என்றார்.

பெரியவர் வந்தார். தலைமை நடுவர், கொக்கு ஏகாம்பரம். கழுத்தில் விசில், இறக்கை இடுக்கில் விதிப்புத்தகம். பூங்காவனம் தன் நம்பரைக் காட்டினாள். தணிகாசலம் தன் துண்டைக் காட்டினார். கொக்கு ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் யோசித்தது.

"நம்பர் உன்னுதுதான், ஒத்துக்கறேன்" என்றது. "ஆனா நம்பர் நாங்க குடுத்தது. நாங்க குடுத்ததை நாங்களே மாத்திக்கலாம். துண்டு அவர் போட்டது. அதை யார் எடுக்கறது?"

"அவர் பார்க்க வந்தவர் சார்."

"அதெல்லாம் ஃபாரத்தைப் பார்த்தாத்தான் தெரியும். ஃபாரம் மேஜையில இருக்கு. மேஜை வெளியில இருக்கு. விசில் அடிக்க நேரமாச்சு."

கொக்கு இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஏரியின் மேற்குக் கரையில், மீன் அதிகமாகத் துள்ளும் இடத்தில், அதன் துண்டு நாலு வருஷமாகக் கிடக்கிறது. ஒரு துண்டை எடுக்கலாம் என்று ஆகிவிட்டால் எந்தத் துண்டையும் எடுக்கலாம் என்று ஆகிவிடும். சுற்றி நின்றவர்கள் யாரும் வாயைத் திறக்காததற்கும் காரணம் அதுவேதான்.

பூங்காவனம் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போய், வேலிக்கு அப்பால் இருந்த புங்க மரத்தில் சாய்த்துவிட்டு, ஏரிக்கு ஓடினாள்.

கொக்கு விசில் ஊதியது. அறுபது பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். பூங்காவனம் முதல் ஆளாகக் கரையேறி, மரத்தடியில் இருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக மைதானத்துக்கு வந்து, உடம்பைத் துவட்டி, ஷூவை மாட்டி, ஈரத் துண்டைப் பழக்கதோஷத்தில் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனார்கள். அங்கேதான் பிசகினார்கள். மைதானம் முழுக்க ஐம்பத்தொன்பது இடங்கள் காலியாகின. நாற்பத்தொன்றில் மட்டும் ஒரு துண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் தணிகாசலம் உட்கார்ந்து கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலிக்கு வெளியே நின்ற ஒரு நரி அவரைக் கேட்டது. "என்னங்க அது?"

"அடுத்த வருஷத்துக்கு இடம்" என்றார் தணிகாசலம்.

நரி காலி இடங்களைப் பார்த்தது. பிறகு தன் தோளைப் பார்த்தது. அதற்குப் பின்னால் நின்ற காட்டெருமையும் பார்த்தது. ஒரு நிமிஷம்தான். பார்வையாளர் கூட்டம் மொத்தமும் வேலியைத் தாண்டிக் குதித்தது. ஐம்பத்தொன்பது இடங்களிலும் துண்டு விழுந்தது. இடம் கிடைக்காதவர்கள் அதற்கு அடுத்த வருஷத்துக்கென்று நடைபாதையிலும் வாசலிலும் போட்டார்கள். ஒரு குரங்கு தன் மகனின் பெயரில் ஒன்றும், இன்னும் பிறக்காத பேரனின் பெயரில் ஒன்றும் போட்டது.

மலையைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் சைக்கிளை நிறுத்த இடம் தேடினார்கள். மைதானத்துக்குள் கம்பியில் சைக்கிளை நிறுத்தாமல் ஓட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது விதி. துண்டு போட்ட இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது நாகரிகம். ஆகவே அவர்கள் சைக்கிளிலேயே மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ஆமையும் முயலும் ஜோடியாகவே சுற்றின. யாரும் யாரையும் திட்டவில்லை, துண்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். மைக்கில் ஒரு மைனா, "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

பூங்காவனம் மட்டும் சைக்கிளைப் புங்க மரத்தில் சாய்த்துவிட்டு ஓடினாள். ஓடி ஆலமரத்தைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் பார்த்த தூரத்துக்கு ஒருத்தரும் இல்லை. நுரை தள்ள நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

கொக்கு விதிப்புத்தகத்தைப் புரட்டியது. "வண்டியை மைதானத்துல நிறுத்தலையேம்மா. மரத்துல இல்ல நிறுத்தியிருக்க."

"மைதானத்துல என் இடத்தை நீங்க குடுக்கலையே."

"குடுக்கலைங்கறது வேற விஷயம். நிறுத்தலைங்கறது வேற விஷயம்."

மேடையில் சிறப்பு விருந்தினர் யானை காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மதியம் வேறொரு விழா இருந்தது. கையில் ஒரே ஒரு சான்றிதழ், பெயர் எழுதும் இடம் காலி. போட்டோகிராபர் தயாராக நின்றார். யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும். கொக்கு பதற்றத்தோடு ஃபாரங்களைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டியது. ஒரு ஃபாரத்தில் வந்ததும் அதன் அலகு அப்படியே நின்றது.

"நீச்சல், பூஜ்யம் நிமிஷம்" என்று வாசித்தது. "சைக்கிள், பூஜ்யம் நிமிஷம். ஓட்டம், பூஜ்யம் நிமிஷம். ஆக மொத்தம் பூஜ்யம். இவ்வளவு குறைஞ்ச நேரத்துல இதுவரைக்கும் யாரும் முடிச்சதில்ல."

"மேல ஏதோ எழுதியிருக்கே" என்றது யானை.

"கட்டத்துக்கு வெளியில எழுதறதை நாங்க படிக்கறதில்லைங்க ஐயா" என்றது ஃபாரங்களைக் கொண்டுவந்த பெருச்சாளி. "ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் தன் இடத்துலயே இருந்து, ஒரு விதியையும் மீறாதவர் இவர் ஒருத்தர்தான். துண்டு இன்னும் அப்படியே இருக்கு பாருங்க."

தணிகாசலத்தை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். அவருக்கு உடம்பெல்லாம் முள் குத்திட்டு நின்றது, வெட்கத்தால்தான். "நான் பார்க்கத்தான் வந்தேன்" என்று மெல்லச் சொன்னார். தன்னடக்கம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். இன்னும் சத்தமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். சான்றிதழ் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதற்குப் பின்னால் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி தெரிந்தது. மண்ணைத் தோண்டித் தோண்டித் தேய்ந்துபோன செங்கமலத்தின் நகங்களும் தெரிந்தன. திறந்த வாயை மூடி, சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். அதைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

இறங்கி வரும்போது பூங்காவனம் வழியில் நின்றாள். "அண்ணே, நீங்க பார்க்கத்தானே வந்தீங்க?" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் தணிகாசலம். "பார்த்தேன்."

அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். விழா முழுக்க உடனிருந்ததற்காக, பார்வையாளர் சான்றிதழ். அடுத்த வருஷம் கலந்துகொள்ள இந்த அனுபவம் உதவும் என்று கொக்கு அவளை வாழ்த்தியது.

வீட்டில் செங்கமலம் கேட்டாள். "என்னங்க, நீந்தறது எப்படின்னு தெரிஞ்சுதா?"

"தேவைப்படல" என்றார் தணிகாசலம். அன்று இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை. பிறகு நன்றாகவே வந்தது.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. காட்டு விளையாட்டு அலுவலர். டிரையத்லானுக்கு வருகிற விண்ணப்பங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் உத்தியோகம். முதல் நாள் அவர் செய்த முதல் வேலை, நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளை டர்க்கி டவலை விரித்தது.

வருஷம் திரும்பியதும் பூங்காவனம் விண்ணப்பத்தோடு வந்தாள். வாசலில் பியூன் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"சார் இருக்காரா?"

ஓணான் தலையாட்டியது.

பூங்காவனம் எட்டிப் பார்த்தாள். மேஜை இருந்தது, ஃபேன் ஓடியது, நாற்காலியில் யாரும் இல்லை. "காணோமே" என்றாள்.

"துண்டு இருக்குல்ல? அப்ப சார் இருக்கார். உக்காருங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்தாள், மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். நான்காம் நாள்தான் ஓணான் ரகசியமாகச் சொன்னது. தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய அதிகாரி மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறாராம். அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள சார் தினமும் அங்கே போகிறாராம். போகும்போது ஒரு துண்டும் எடுத்துப் போகிறாராம்.

பூங்காவனத்துக்கு முதலில் கோபம் வந்தது. நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து வீசிவிடலாம் என்று எழுந்தாள். ஓணான் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது. கூடத்தில் காத்திருந்த எல்லோரும் பார்த்தார்கள், அவரவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவள் பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் பெஞ்சின் மேல் போட்டுவிட்டு வெளியே போனாள்.

அன்றிலிருந்து அந்த அறையில் இரண்டு துண்டுகளும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. வேலை நன்றாக நடப்பதாகக் கேள்வி. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று அவளுக்குக் கடிதம்கூட வந்தது. பூங்காவனம் விடியற்காலையில் ஏரிக்குப் போகிறாள். அந்தக் காட்டிலேயே வேகமாக நீந்துகிறவள் இன்றைக்கும் அவள்தான். கரையேறினால் துடைத்துக்கொள்ளத்தான் ஒரு துண்டு இல்லை.

நீதி: போட்டியில் இறங்குவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது, துண்டை மறக்காமல் எடுத்துப் போனால், அதற்குப் பிறகு இறங்க வேண்டிய அவசியமே வராது.